கடைமடைக்கு வந்த பனிமலை

பனங்காட்டேந்தல்காரர்கள் விவரமானவர்கள். இதை எனக்குச் சொன்னவர்கள் பனங்காட்டேந்தல்காரர்கள்தான். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த ஊரில் ஒரு கண்மாய் உண்டு. கண்மாய்க்கு ஒரு சங்கம் உண்டு. சங்கத்துக்கு ஒரே ஒரு வேலை, தண்ணீரை முறை வைத்துப் பிரிப்பது. கண்மாயை ஒட்டியிருக்கும் தலைமடை வயலுக்கு முதல் முறை. அதற்கடுத்த வயலுக்கு அடுத்த முறை. இப்படியே வந்து, வாய்க்கால் முடிகிற கடைமடை வயலுக்குக் கடைசி முறை, அதுவும் ராத்திரியில். ஒருவர் முறையில் இன்னொருவர் ஒரு சொட்டு எடுத்தாலும் அது திருட்டு.

தண்ணீர் மட்டும் அல்ல, ஊருக்கு எது வந்தாலும் இப்படித்தான் பிரிப்பார்கள். ஒரு தடவை ஒரு டாக்டர் வந்து முகாம் போட்டார். காய்ச்சல் கடைமடைக்காரருக்கு. ஊசி, முறைப்படி, தலைமடைக்காரருக்குப் போடப்பட்டது. வரிசை நகர்ந்து கடைமடைக்கு வருவதற்குள் காய்ச்சல் தானாகவே இறங்கிவிட்டது. முறைவைப்பின் மகிமையே மகிமை என்று ஊரே பேசிக்கொண்டது.

தலைமடை வயல் தவசிலிங்கத்துடையது. சங்கத் தலைவரும் அவர்தான். அடுத்தது வழிவிட்டானுடைய வயல். அதற்கடுத்தது கூரியுடையது. கடைசி வயல் முத்துராக்கு என்ற அம்மாளுடையது. முத்துராக்கு வாய்க்காலில் தண்ணீர் வருவதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். பார்த்ததில்லை. ஆனாலும், வரும்போது தயாராக இருக்க வேண்டாமா என்று ஒரு பம்புசெட் வாங்கி வரப்பில் வைத்திருந்தார்.

அந்தப் பம்புசெட்டுக் கம்பெனிக்காரர்கள் குலுக்கல் நடத்தினார்கள். முதல் பரிசு நால்வருக்கு ஐரோப்பா சுற்றுலா. பரிசு முத்துராக்குவுக்கு விழுந்தது. கம்பெனி ஆள் வந்து ஒரு படத்தைக் காட்டினார். படத்தில் மலை ஒன்று வெள்ளை வெளேர் என்று நின்றது.

"இது என்ன தம்பி, சுண்ணாம்பு அடிச்சிருக்காங்களா?" என்று கேட்டார் முத்துராக்கு.

"பனிம்மா. எல்லாம் தண்ணிதான். உறைஞ்சு போய் நிக்குது."

"இம்புட்டும் தண்ணியா? உச்சி வரைக்குமா?"

"உச்சி வரைக்கும் தண்ணிதாம்மா."

முத்துராக்கு படத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அன்று முதல் அவருக்கு ஒரே நினைப்புதான். "என் வயலுக்குத் தண்ணி வந்து நான் பார்க்கப் போறதில்லை. ஒரே ஒரு தடவை, இம்புட்டுத் தண்ணியும் மொத்தமா நிக்கிறதை என் கண்ணால பார்த்துட்டேன்னா, அப்புறம் இந்தக் கடைமடைக்காரின்னு யார் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை."

பரிசை அவர் தனியாக வைத்துக்கொள்ளவில்லை. முறைப்படி சங்கத்தில் கொண்டு போய் ஒப்படைத்தார். சங்கம் கூடி, தலைமடையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தது. நான்காவது ஆளாக முத்துராக்குவின் பெயரும் வந்துவிட்டது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தவர்கள், பரிசு அவருக்கு அப்போதுதான் விழுந்தது என்று நினைத்திருப்பார்கள்.

நால்வரும் மதுரைக்குப் போய்ப் பயண ஏற்பாடு செய்கிற ஜெரோம் என்ற பிள்ளையைப் பார்த்தார்கள். ஜெரோம் பொறுமைசாலி. அன்று காலையில் அப்படித்தான் இருந்தார்.

"அண்ணே, பனிமலைக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய ஊர், அந்தப் பக்கம் ஒரு பெரிய ஊர். ரெண்டுக்கும் நடுவுல மலை வழியா ரயில். பகல் ரயில்ல போனா மலை, ஆறு, பாலம் எல்லாம் பார்த்துக்கிட்டே போகலாம். ராத்திரி ரயில்ல படுக்கை உண்டு. தூங்கி எந்திரிச்சா ஊர் வந்துரும். போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட். எதுல போடட்டும்?"

"பகல்ல அந்த மலை யாருக்கு?" என்று கேட்டார் தவசிலிங்கம்.

"எல்லாருக்கும்தான்."

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு படித்த பிள்ளைக்கு இது தெரியவில்லையே என்று அவர்களுக்கு வருத்தம்.

"தம்பி, எல்லாரும் ஒரே நேரத்துல எடுத்துட்டா கடைசி ஆளுக்கு என்ன மிஞ்சும்?"

"பார்க்கிறதால மலை குறையாதுண்ணே."

"எங்க கண்மாயைப் பார்த்து எங்க தாத்தாவும் இதைத்தான் சொன்னாரு," என்றார் கூரி. "இப்ப வந்து பாரு, எருமை படுக்கத் தண்ணி இல்லை."

ஜெரோம் தண்ணீர் குடித்தார். நால்வரும் யோசித்துச் சொல்வதாக எழுந்து, எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

"எல்லாரும் பகல்லயே போய்ப் பகல்லயே வந்துட்டா, ராத்திரி முறை என்னத்துக்கு ஆகும்? யாரும் எடுக்காம வீணாத்தானே போகும்?" என்று ஆரம்பித்தார் வழிவிட்டான்.

"வீணாக்கக் கூடாது," என்றார் தவசிலிங்கம்.

"நானும் பகல்லயே பார்த்துக்கிறேனே அண்ணே. ஒரே ஒரு தடவை," என்றார் முத்துராக்கு.

கூரி டீயைக் கீழே வைத்தார். "மதினி, உங்க வயல் எங்கிட்டு இருக்கு?"

"கடைசியில."

"கடைசி வயலுக்கு எப்ப முறை?"

"ராத்திரியில. ஆனா ராத்திரி இருட்டா இருக்குமே கொழுந்தனாரே?"

"நம்ம ஊர்ல மட்டும் ராத்திரி வெளிச்சமாவா இருக்கு? நீங்க வரப்புல உக்காந்து முறைக்குக் காவல் இருக்கலையா?"

"இருக்கேன்."

"தண்ணி வருதா?"

"வரலை."

"அப்புறம் என்ன? உங்களுக்குப் பழக்கமான வேலைதானே!"

இதில் முத்துராக்குவால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. போகும்போது பகல் ரயில், அதில் தலைமடையிலிருந்து மூவருக்கும் முறை. வரும்போது ராத்திரி ரயில், அது விடிகிறவரைக்கும் முத்துராக்குவுக்கு. ஒருவர் முறையில் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். திறந்தால் திருட்டு. இப்படித் தீர்மானம் ஆயிற்று.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன்," என்றார் முத்துராக்கு. "பகல்ல பார்க்கிறவுக பூராத்தையும் பார்த்துத் தீர்த்துறாதீங்க. எனக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்க."

தவசிலிங்கம் நல்ல மனிதர். "மலையோட மேல் பாதியை நாங்க ஏறெடுத்துப் பார்க்க மாட்டோம் தங்கச்சி. அது உனக்கு," என்று வாக்குக் கொடுத்தார்.

ஜெரோம் அவர்கள் சொன்னபடியே டிக்கெட் போட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது இரண்டு புத்தி சொன்னார். "நாலு பேரும் பிரியாம ஒண்ணாவே இருங்க. அப்புறம், பையை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க."

நால்வரும் பிரியவில்லை. விமானத்தில் ஒருவருக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தால் நால்வரும் எழுந்து போய்க் கதவருகே நின்றார்கள். கதவு சின்னது என்பதால்தான் உள்ளே ஒருவர் போனார். பையைப் பார்க்கும் பொறுப்பு வழிவிட்டானுக்கு. அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தார். சாப்பாடு வந்தபோது கூரி ஊட்டிவிட்டார்.

பனிமலையின் இரண்டு பக்கத்து ஊர்களின் பெயர்களையும் நால்வரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதனால் நானும் சொல்லப் போவதில்லை.

பகல் ரயில் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்களோடு வந்து நின்றது. ஒரு ஸ்டேஷன் வந்தால் ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை தொடங்கும் என்று வைத்துக்கொண்டார்கள். முத்துராக்கு ஒரு துண்டால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அப்படியும் அவருக்குச் சந்தேகம், வெளிச்சம் துண்டு வழியாகக் கசிந்து திருட்டாகிவிடுமோ என்று. முந்தானையை அதற்கு மேல் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

முதலில் தவசிலிங்கத்தின் முறை. ஊர் இன்னும் தாண்டவில்லை. சரக்குக் கிட்டங்கிகளின் பின்சுவரும், கொடியில் காயும் துணியும், ஒரு முட்டைக்கோசுத் தோட்டமும் வந்தன. அவர் ஒன்றுவிடாமல் பார்த்து வாங்கிக்கொண்டார்.

"வந்துருச்சா அண்ணே?" என்றார் முத்துராக்கு.

"கோசு நல்லா வந்திருக்கு தங்கச்சி."

ஸ்டேஷன் வந்தது. வழிவிட்டானின் முறை. அவருக்குப் பெரிய தர்மசங்கடம். ஜன்னலைப் பார்த்தால் பையை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டும். பையைப் பார்த்தால் முறை வீணாகிவிடும். சிறிது யோசித்துவிட்டுப் பையைத் தூக்கி ஜன்னலோடு சேர்த்து வைத்துக்கொண்டார். இப்போது ஜன்னல் பக்கம் பார்த்தாலும் கண் பையின் மேலேயே இருந்தது.

அந்த நேரம்தான் ரயில் ஒரு வளைவு திரும்பியது. பெட்டியிலிருந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் 'ஓ' என்றார்கள். போட்டோ எடுத்தார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னண்ணே, எல்லாரும் சத்தம் போடுறாக? மலையா?" என்று முத்துராக்கு பதறினார்.

"பயப்படாதே தங்கச்சி. பை பத்திரமா இருக்கு," என்றார் வழிவிட்டான்.

டிக்கெட் பார்க்கிற பெண் வந்தாள். இருவர் கண்ணை மூடியிருக்க, ஒருவர் பையில் முகத்தைப் புதைத்திருக்க, ஒரு அம்மாள் தலையெல்லாம் துணி சுற்றியிருக்கக் கண்டு திகைத்தாள். ஜன்னலைக் கைகாட்டி, மலையைக் கைகாட்டி, தன் பாஷையில் என்னென்னவோ கெஞ்சினாள்.

"முறைக்காரர் பார்த்துக்கிட்டு இருக்காரும்மா," என்று கண்ணைத் திறக்காமலே சமாதானம் சொன்னார் தவசிலிங்கம்.

அடுத்த ஸ்டேஷனில் கூரியின் முறை வந்தது. கூரி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை அகல விரித்து ஜன்னலருகே உட்கார்ந்தார். ரயில் கிளம்பியது. குகைக்குள் நுழைந்தது. மலையைக் குடைந்து போட்ட அந்தக் குகை, அடுத்த ஸ்டேஷன் வாசலில்தான் போய் முடிந்தது.

"இது அநியாயம்!" என்று கத்தினார் கூரி. "என் முறை வந்ததும் யாரோ மடையை அடைச்சுட்டான்!"

"சங்கத்துல பேசிக்கலாம்," என்றார் தவசிலிங்கம்.

இப்படியாகப் பகல் ரயில் அந்தப் பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. மலையில் ஒரு பிடிகூட யாரும் எடுக்கவில்லை. முத்துராக்குவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "நெசமாவே மிச்சம் இருக்குல்ல?" என்று மூவரையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வரும்போது ராத்திரி ரயில். மூவரும் படுக்கையில் ஏறிக் கண்ணை மூடினார்கள். திருட்டு நடக்கக் கூடாது என்பதற்காகவே அவர்கள் தூங்கினார்கள். குறட்டைகூட அக்கறையோடுதான் விட்டார்கள். முத்துராக்கு ஜன்னலருகே உட்கார்ந்தார். வெளியே கரிச்சட்டிக்குள் பார்த்ததுபோல் இருந்தது. வயலில் காவல் இருக்கும்போது செய்வதுபோலக் கையிலிருந்த டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவர் வயதில் ஒரு பொம்பளை, அவரைப் போலவே சேலை கட்டிக்கொண்டு, டார்ச்சோடு உட்கார்ந்து அவரையே முறைத்தாள்.

"ஏத்தா, நீ யாரு? இது என் முறை!" என்றார் முத்துராக்கு.

அவளும் வாயசைத்தாள். சத்தம் வரவில்லை.

"எங்க ஊர்ல தலைமடைக்காரக முன்னால உக்காந்தாக. பொறுத்துக்கிட்டேன். நீ எந்த ஊர்க்காரி? எனக்கு முன்னால வந்து மடையில குந்தியிருக்கியே, உனக்கே நல்லா இருக்கா?"

அவளும் விரலை நீட்டிப் பதிலுக்குத் திட்டினாள். முத்துராக்குவுக்கு மனசு விட்டுப்போயிற்று. கடல் தாண்டி வந்தும் தனக்கு முன்னால் ஒருத்தி இருக்கிறாளே என்று டார்ச்சை அணைத்துவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு காவல் இருந்தார். ரயில் எங்கோ ஓரிடத்தில் நின்றது. முன்னால் பாதையில் மரம் விழுந்துவிட்டதாம். அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், அந்தப் பொம்பளை செய்த வேலை என்று நினைத்திருப்பார்.

ரயில் நின்றது நின்றபடியே இருந்தது. மெல்லக் கிழக்கு வெளுத்தது. விடிந்தால் முறை தலைமடைக்கு. சட்டம் தெரிந்த முத்துராக்கு சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு, கையால் தடவித் தடவிப் போய்த் தவசிலிங்கத்தை எழுப்பினார்.

"அண்ணே, விடிஞ்சிருச்சு. உங்க முறை."

தவசிலிங்கம் கண்ணை மூடியபடியே எழுந்து உட்கார்ந்தார். "உன் முறையில என்ன வந்துச்சு தங்கச்சி?"

"ஒண்ணும் வரலை. இருட்டும், ஒரு சண்டைக்காரியும்தான்."

மற்ற இருவரும் விழித்துக்கொண்டார்கள். யாரும் கண்ணைத் திறக்கவில்லை. இது பெரிய விவகாரம். முடிவு தெரியாமல் திறப்பது மரியாதை அல்ல.

"அண்ணே, முதல்ல என் வழக்கைத் தீருங்க," என்றார் கூரி. "என் முறை பூராக் குகையில போச்சு. காஞ்ச முறைக்கு மறுமுறை உண்டுன்னு சங்கத்துல விதி இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப, விடிஞ்சாலும் சரி, இந்த ஜன்னல் எனக்கு."

"காஞ்ச முறை ரெண்டு இருந்தா யாருக்கு முதல்ல?" என்று கேட்டார் தவசிலிங்கம்.

கூரி யோசிக்கவே இல்லை. அந்தக் குகை அவர் நெஞ்சில் அவ்வளவு நீளமாக இருந்தது. "எது ரொம்ப நீளமாக் காஞ்சதோ அதுக்குத்தான்!"

"உன் குகை ஒரு ஸ்டேஷன் நீளம். தங்கச்சிக்கு ராத்திரி பூராக் காஞ்சிருக்கு. அதுக்கு முன்னால, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளா வேற காஞ்சிருக்கு."

"தெரியாமச் சொல்லிட்டேன் அண்ணே."

"சொன்னது சொன்னதுதான். முத்துராக்கு, கண்ணைத் தொற. மத்தவுக திரும்பி உக்காருங்க."

மூன்று ஆண்களும் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். முத்துராக்கு தடவிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். அந்தச் சண்டைக்காரி இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு கண்ணைத் திறந்தார்.

அவள் இல்லை. அவள் இருந்த இடத்தில் மலை இருந்தது.

அடியிலிருந்து உச்சிவரை வெள்ளை. உச்சியில் மட்டும் இளஞ்சிவப்பாக வெயில். ஒரு வாய்க்கால் இல்லை, ஒரு மடை இல்லை, பங்கு கேட்க ஓர் ஆள் இல்லை. அவ்வளவு தண்ணீரும் நின்ற இடத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முத்துராக்கு மூச்சுவிடாமல் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, சத்தத்தையே காணோம்? வந்துச்சா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார் தவசிலிங்கம்.

"வந்துருச்சு அண்ணே. மொத்தமும் வந்துருச்சு."

"மேல் பாதி இருக்கா? நாங்க தொடலை."

"கீழ்ப் பாதியும் இருக்கு அண்ணே. கொள்ளாம நிக்குது."

போதும் போதும் என்கிறவரை பார்த்துவிட்டு, முத்துராக்கு கண்ணை மூடிக்கொண்டார். "கொழுந்தனாரே, நீங்க வாங்க."

கூரி பாய்ந்து வந்து ஜன்னலில் முகத்தை வைத்தார். ரயில் கிளம்பியது. குகைக்குள் நுழைந்தது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ரயிலை விட்டு இறங்கிய பிறகும் முத்துராக்கு கண்ணைத் திறக்கவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார்கள். சாப்பிடும்போதும் திறக்கவில்லை.

"என்ன மதினி, கண்ணு வலிக்குதா?" என்றார் கூரி.

"வலியெல்லாம் இல்லை. வயல்ல தண்ணி ஏறின பிறகு வாமடையைத் தொறந்தா போடுவாக? வரப்புல அந்த வழியை அடைக்காட்டி வந்த தண்ணி பூராத் திரும்பி ஓடிராதா?"

மூவருக்கும் வெட்கமாகப் போயிற்று. இத்தனை வருஷம் தண்ணீர் பாய்ச்சியவர்கள் அவர்கள். இது அவர்களுக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்?

மீதிச் சுற்றுலா முழுக்க முத்துராக்கு கூரியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். கோபுரம் காட்டினார்கள், அரண்மனை காட்டினார்கள். "எனக்கு இடமில்லை, நிறைஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டார். அந்த ஊர் விமான நிலையத்தில் அவரைப் பார்வையில்லாதவர் என்று நினைத்து, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, வரிசையில் நிற்கவிடாமல் தள்ளிக்கொண்டு போனார்கள். "தண்ணி இருக்கிற வயலுக்குத்தான்யா எங்கேயும் மரியாதை," என்று பெருமூச்சு விட்டார் கூரி.

நம் நாட்டில் வந்து இறங்கியதும்தான் சிக்கல் வந்தது. பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி, படத்தையும் முத்துராக்குவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கண்ணைத் திறங்கம்மா. படத்தில கண்ணு திறந்திருக்கே."

"இங்க தொறக்க முடியாது சார்," என்றார் தவசிலிங்கம். "உள்ள ஒரு மலை இருக்கு. ஊருக்குப் போய்த்தான் இறக்கணும்."

"தொறந்தா உங்க ஆபீஸ் பூராத் தண்ணியாயிரும். கம்ப்யூட்டர் எல்லாம் நனைஞ்சிரும்," என்று அக்கறையோடு எச்சரித்தார் வழிவிட்டான், பையைப் பார்த்தபடி.

நால்வருக்கும் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "முழுசா வேணாம். ஒரு கண்ணையாவது திறந்து காட்டுங்க," என்று இறங்கி வந்தார் அதிகாரி.

"ஒத்தக் கண்ணுன்னா பாதி மலை போயிருமே!" என்று துடித்தார் கூரி.

முத்துராக்கு சற்று யோசித்தார். "போகட்டும் கொழுந்தனாரே. பாதி போனாலும் பாதி கடைமடைக்கு வந்து சேருதுல்ல? இதுவரைக்கும் அதுகூட வந்ததில்லை." இடது கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டு, வலது கண்ணை மெல்லத் திறந்தார்.

நாள்கணக்கில் மூடியிருந்த கண். எதிரே டியூப் லைட்டு. பொலபொலவென்று நீர் வடிந்து கன்னத்தில் இறங்கியது.

கூரி அதைப் பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டு அலறினார். "உடைப்பு! ஐயோ, உடைப்பு!"

கண்மாய் உள்ள சீமையில் இந்த ஒரு சொல் காதில் விழுந்தால், கரை உடைந்துவிட்டது என்று அர்த்தம். சாப்பிடுகிறவன் கையைக் கழுவ மாட்டான். தாலி கட்டுகிறவன்கூட முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு, உடைப்பை அடைக்க மண்ணோடு ஓடுவான். தவசிலிங்கம் துண்டை உருவிக் கன்னத்தில் அணை கட்டினார். வழிவிட்டான் பையைத் தூக்கிக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். அதிகாரி பெரிய படிப்புப் படித்தவர். ஆனால் பிறந்தது பக்கத்துக் கண்மாய்க்கரையில். முத்திரையை வீசிவிட்டு, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, மேசையைத் தாண்டிக் குதித்தார்.

"எந்தப் பக்கம்? மேல் கரையா, கீழ் கரையா?"

வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அதே சீமைக்காரர்கள். பாஸ்போர்ட்டை வாயில் கவ்விக்கொண்டு, ஓரமாக அழகுக்கு வைத்திருந்த பூந்தொட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். குரோட்டன்ஸ் செடிகள் பறந்தன. மண் மேல் மண்ணாக வந்து விழுந்தது.

அந்த மண்குவியலுக்கு நடுவிலிருந்து முத்துராக்குவின் குரல் கேட்டது. "யாரும் பயப்படாதீங்கப்பா! இடது கண்ணு கெட்டியா இருக்கு!"